வீட்டுப் பிளானில் போன் எங்கே? நமது பகுதியின் தொலைபேசிக் கதை கொஞ்சம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் சுவர் பூசுவதற்கு முன் வாசித்தால் நல்லது.

போன கிழமை எம்மிடம் படித்த பிள்ளை ஒருவரின் வாப்பா தனது வீட்டுப் பிளானைக் கொண்டுவந்து காட்டினார். நெளுக்குளத்தில், மன்னார் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் காணி. சுவர் எழும்பி, பிளேட்டும் போட்டாயிற்று. பூச்சு வேலைதான் மிச்சம். பிளானில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தொழுவதற்கு ஒரு மூலை, வுளூச் செய்ய வெளியே பைப், குசினியில் பிரிஜ்ஜுக்குத் தனிப் பிளக், மோட்டருக்குத் தனி வயர். "போனும் இன்டர்நெட்டும் எந்தப் பக்கத்தால உள்ளே வரும்?" என்று கேட்டோம். மனிசன் சிரித்துவிட்டார். "இப்ப எல்லாம் காத்துலதானே சேர் வருது. அதுக்கு எதுக்குப் பைப்பு?"

அவருக்கு அந்த இடத்தில் சொல்லி முடிக்க முடியாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம். போன் நமது வீடுகளுக்குள் எப்படி வந்தது, எந்த மூலையில் இருந்தது, எப்போது வெளியே போனது என்று பார்த்தால் அவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலில் கம்பி வீட்டுக்கு வரவில்லை. இலங்கையில் தந்திக் கம்பி 1858இல் கொழும்பையும் காலியையும் இணைத்தது. வடக்கே போகும் ரயில் பாதை 1905இல் யாழ்ப்பாணம் வரைக்கும் திறக்கப்பட்டபோது, காட்டுக்குள்ளால் போன தண்டவாளத்தோடு கம்பித் தூண்களும் கூடவே நடந்தன. வவுனியாவில் கம்பி இருந்த இடங்கள் ஸ்டேஷன், தபால் கந்தோர், கச்சேரி, பொலிஸ். குளத்தையும் வயலையும் நம்பி வாழ்ந்த சனத்துக்கு அதனால் ஆன வேலை ஒன்றுதான்: தந்தி. தந்திக்காரனின் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினால் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள், உறையைப் பிரிக்கும் முன்பே. யாராவது மௌத்தானால் மட்டுமே தந்திக்குக் காசு செலவழித்த காலம் அது.

பிறகு ஒன்றிரண்டு வசதியான வீடுகளுக்கும் கடைகளுக்கும் டெலிபோன் வந்தது. தபாலும் தொலைபேசியும் ஒரே திணைக்களமாக இருந்து 1980இல்தான் பிரிந்தன. தொலைபேசித் திணைக்களம் 1991இல் கூட்டுத்தாபனமானது. சாதாரண ஆள் ஒருவர் விண்ணப்பம் போட்டால் பல வருடம் காத்திருக்க வேண்டும். நாடு முழுவதும் காத்திருப்போர் பட்டியல் இலட்சக் கணக்கில் இருந்தது. வாப்பா விண்ணப்பித்த போன் மகனின் கலியாணத்துக்குப் பிறகு வந்தது என்று பகிடியாகச் சொல்வார்கள். பாதி பகிடிதான்.

இதற்கிடையில் 1990 வந்தது. ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியதோடு யாழ்தேவி வவுனியாவோடு நின்றது. அதற்கு அப்பால் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கருக்குப் போயின. கம்பியும் இல்லாமல் போனது. ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாவில் அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்த கிராமங்கள் என்று சுமார் 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே ஊர்ச் சனம் பத்து முகாம்களில் சிதறியது. யார் எங்கே என்று கேட்க ஒரு நம்பரும் கிடையாது. கடிதங்கள் பள்ளிவாசல் விலாசத்துக்கு வரும். ஜும்ஆ முடிந்து பெயர் வாசிப்பார்கள். சவூதிக்கும் குவைத்துக்கும் போன பெண்கள் கெசட்டில் பேசி அனுப்புவார்கள். அதை டேப்பில் போட்டுக் குடும்பமே சுற்றியிருந்து கேட்கும். பதிலையும் அதே கெசட்டின் மறுபக்கத்தில் பேசி அனுப்புவது. போன இடத்திலிருந்து திரும்பி வர இரண்டு மாதம்.

அந்த ஆண்டுகளில் வவுனியா நகரம் வேறொன்றாக மாறியது. அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்த பெருநிலப்பரப்பின் கடைசிப் பெரிய டவுன் இதுதான். வடக்கே போன் இல்லை, தெற்கே போன் இருக்கிறது. ஆகவே போன் பேச வேண்டிய வன்னிச் சனம் எல்லாம் வந்து நின்றது இங்கேதான். பஸ் நிலையத்தைச் சுற்றியும் ஹொரவப்பொத்தானை வீதியிலும் கொமினிகேசன் கடைகள் முளைத்தன. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது.

தெரிந்தவர்களுக்குக் கண்முன்னே வரும். பலகையும் கண்ணாடியும் அடித்த கூண்டு. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு போன். தலைக்கு மேல் சிவப்பு இலக்கத்தில் ஓடும் மீட்டர். வெளியே வாங்கில் பத்துப் பேர். கூண்டுக்கு உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்றுதான் கதவு வைத்தார்கள். லைன் தெளிவில்லாததால் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், ஆகவே ஊருக்கே கேட்கும். ஒரு குடும்பத்தின் சண்டையும் சீதனமும் கடனும் வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மீட்டரைப் பார்த்ததும் பேச வந்த முக்கியமான விசயம் மறந்துபோகும். அதனால் விசயம் தெரிந்தவர்கள் பேச வேண்டியதைத் துண்டில் எழுதிக்கொண்டு போவார்கள்.

தாண்டிக்குளத்தையும் பிறகு ஓமந்தையையும் தாண்டி, பாஸ் எடுத்து, ஒரு பகல் முழுதும் வெயிலில் நின்று வருகிற தாய்மாரைப் பார்த்திருக்கிறோம். கையில் கனடா நம்பர் எழுதிய கடதாசித் துண்டு. மடித்து மடித்து எழுத்து அழிந்திருக்கும். கடைக்காரப் பொடியன்தான் அது ஒன்றா ஏழா என்று இரண்டு மாதிரியும் அடித்துப் பார்ப்பான். வெளிநாட்டிலிருந்து கோல் வாங்குவதற்கும் அங்கேதான் போக வேண்டும். "ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மகன் எடுப்பான்" என்று கடிதத்தில் பேசி வைத்து, மூன்று மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து மணிக்கும் போன் அடிக்காவிட்டால் அந்த முகங்களைப் பார்க்க முடியாது. நமது ஆட்கள் ஜித்தாவுக்குக் காத்திருந்தார்கள், தமிழ்ச் சனம் டொரொண்டோவுக்கும் பாரிஸுக்கும் காத்திருந்தது. வாங்கு ஒன்றுதான். 1990க்குப் பிறகு இரண்டு சமூகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்ட இடங்கள் அன்றைக்கு அதிகமில்லை. அவற்றில் கொமினிகேசன் வாங்கும் ஒன்று. இதை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதால் சொல்கிறோம்.

வீட்டுக்குள் போன் பரவலாக வந்தது 1990களின் பிற்பகுதியில்தான். 1996இல் ஸ்ரீலங்கா டெலிகொம் கம்பனியானது. 1997இல் அதன் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் வாங்கியது. அதற்குப் பிறகு இணைப்புகள் வேகமாகக் கூடின. வவுனியா டவுனிலும் மன்னார் வீதியோரமும் தூண்கள் வந்தன. தூணிலிருந்து கறுப்பு வயர் கூரைக்கு வரும், ஜன்னல் சட்டத்தில் ஒரு ஓட்டை போட்டு உள்ளே வரும். வீடு கட்டியபோது யாரும் அதற்கு இடம் விட்டிருக்கவில்லை.

போனுக்குக் கிடைத்தது ஹோலில் மரியாதையான இடம். தனி ஸ்டூல், பின்னல் துணி, பக்கத்தில் நம்பர் கொப்பி, சிலர் வீட்டில் பூட்டு. ஒழுங்கைக்கு ஒரு போன் இருந்தால் அது ஒழுங்கைக்கே சொந்தம். "மாமி, உங்களுக்குக் கோல்" என்று வேலிக்கு மேலால் கூப்பிடுவார்கள். போன் வைத்திருந்த வீட்டு உம்மாவுக்கு ஊர்ச் செய்தி முழுதும் முதலில் தெரியும். அந்தப் பதவியை அவர்கள் கொஞ்சம் அனுபவித்தார்கள் என்றே நினைக்கிறோம்.

அந்தச் செப்புக் கம்பியில் ஒரு நல்ல குணம் இருந்தது. போன் வேலை செய்யத் தேவையான கரண்ட், 48 வோல்ட், எக்சேஞ்சிலிருந்தே கம்பிக்குள்ளால் வரும். வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் பேசும். கெட்ட குணம் இடி. ஐப்பசி மழைக்கு முன்னால் இடிக்கிற இடியில் எத்தனை போன்கள் கருகின என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கறுத்த வானம் தெரிந்தால் வயரைக் கழற்றி வைக்கும் பழக்கம் நமது பெரியவர்களிடம் இன்றும் இருக்கிறது. இப்போது ரவுட்டரைக் கழற்றுகிறார்கள். அது சரியான பழக்கம்தான், சிரிக்காதீர்கள்.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம், ஏப்ரலில் ஏ9 திறப்பு. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடல். இந்த இடைவெளியில் நாட்டில் 2005 அளவில் சீடிஎம்ஏ போன் வந்தது. தூண் வேண்டாம், வயர் வேண்டாம், மேசைப் போனில் ஒரு ஏரியல். யுத்தத்துக்குப் பிறகு கம்பி போகாத வன்னிக் கிராமங்களுக்கு இதுதான் போய்ச் சேர்ந்தது. போன் ஹோல் ஸ்டூலை விட்டு எழும்பி சிக்னல் இருக்கும் ஜன்னலுக்குப் போனது. வெளியே உயரத்தில் ஏரியல் கட்டி, வயரை ஓட்டுக்கு இடையால் இறக்கிய வீடுகள் எத்தனை! மழைக்கு அந்த இடத்தால்தான் ஒழுகும்.

2009ஐ நாம் கடந்து போய்விட முடியாது. நெளுக்குளம் உட்பட வவுனியாவின் பல பாடசாலைகள் நலன்புரி நிலையங்களாயின. செட்டிகுளம் மெனிக்பாமில் இலட்சக் கணக்கில் சனம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் இந்தப் பக்கம் நின்றவர்களிடம் முதலில் கேட்டது சோறு என்று பலர் நினைப்பார்கள். நமக்கு நினைவிருப்பது சிறு துண்டுகள். ஒரு நம்பர், ஒரு பெயர், "நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கோ." அப்படி எடுத்த கோல்களில் சிலவற்றில் மறுபக்கத்தில் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. சில நம்பர்கள் வேலை செய்யவே இல்லை.

அதே 2009இல்தான் சார்ள்ஸ் காவோ என்ற விஞ்ஞானிக்குப் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. தலைமயிர் அளவு கண்ணாடி நாருக்குள்ளால் ஒளியாகச் செய்தியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று 1966இல் காட்டியவர். இன்று நாம் பைபர் என்று சொல்வது அவருடைய அந்த யோசனையைத்தான். பாடம் எடுக்கும்போது இந்த இரண்டு 2009ஐயும் சேர்த்துச் சொல்வது எமது வழக்கம்.

பிறகு டவர்களின் காலம். 1990இல் முகாமோடு விழுந்த கொக்காவிலில் 174 மீற்றர் உயரமான கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது. அப்போது நாட்டிலேயே அதுதான் உயரம். கைப்போன் எல்லோர் கையிலும் வந்தது, கொமினிகேசன் கடைகள் ரீலோட் கடைகளாகிப் பிறகு போட்டோகொப்பிக் கடைகளாகின. லேண்ட் போனைப் பலர் வெட்டிவிட்டார்கள். போன் வீட்டிலிருந்து சட்டைப்பைக்குப் போய்விட்டது. சரியாக அந்தக் காலத்தில்தான் நமது மாவட்டங்களில் ஆயிரக் கணக்கான வீடுகள் எழும்பின. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. அந்தக் காசில் அத்திவாரம், சுவர், கூரை என்று சனம் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் சுவருக்குள் இன்டர்நெட் பைப் பற்றி யாராவது பேசியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள். குறை சொல்லவில்லை.

ஆனால் 2020 மார்ச்சில் பாடசாலைகளைப் பூட்டியபோது விலை தெரிந்தது. எமது வகுப்பில் ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகள், ஒரு போன், அதுவும் வாப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் பாடம் பார்ப்பார்கள். இன்னொரு பிள்ளை மாமரத்தடியில் இருந்து வட்ஸ்அப்பில் விடை அனுப்பும், வீட்டுக்குள் சிக்னல் இல்லை. கொங்ரீட் பிளேட்டும் தகரக் கூரையும் ரேடியோ அலையைத் தடுக்கும். குடிசையில் இருந்தபோது கிடைத்த சிக்னல் கல்வீடு கட்டியதும் குறைந்துபோனது இதனால்தான். நாங்களும் 2021இல் சம்பளப் போராட்டத்துக்காக ஒன்லைன் வகுப்பை மாதக் கணக்கில் நிறுத்தினோம். அதையும் மறைக்கத் தேவையில்லை. பாதிக்கப்பட்டது ஒரே பிள்ளைகள்தான்.

"காத்துல வருது" என்பதை முழுதாக நம்ப முடியாததற்கு வேறு காரணமும் உண்டு. 2018 மார்ச்சில் திகன சம்பவத்தின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கினார்கள். 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகும் அதேதான். வதந்தியைத் தடுக்க என்றார்கள். கண்டிப் பக்கம் சொந்தக்காரர் இருந்த நாங்கள் அந்த இரவுகளில் அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டது பழைய லேண்ட் போனில். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். டவர்களின் பேட்டரியும் இறங்கி, கையில் முழுச் சார்ஜோடு போன் இருந்தும் கோல் போகவில்லை. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி இருந்ததால்தான் ஒவ்வொரு முறையும் தப்பினோம்.

ஆகவே அந்த வாப்பாவிடம் பென்சிலை வாங்கிப் பிளானில் நாலு கோடு போட்டோம்.

வீதித் தூண் இருக்கும் பக்கத்துச் சுவரிலிருந்து வீட்டின் நடுப்பகுதிக்கு ஒரு அங்குல கொண்டியூட் பைப் ஒன்று, வெறுமையாக. வயர் எதுவும் இப்போது போட வேண்டாம். உள்ளே ஒரு நைலோன் கயிறு மட்டும் கிடக்கட்டும், பிறகு எந்தக் கேபிள் வந்தாலும் அதில் கட்டி இழுக்கலாம். மூலையில் எல்போ போட வேண்டாம், பெண்ட் போடச் சொல்லுங்கள். பைபர் கண்ணாடி, சடாரென்று மடித்தால் ஒளி கசியும், சிலவேளை உடையும். கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் இதைச் சேர்க்கவே கூடாது. வெளிவாயைக் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள், மழைத்தண்ணீரும் எறும்பும் போகாது.

பைப் முடியும் இடம் ஹோலுக்கும் அறைகளுக்கும் நடுவில் இருக்கட்டும், நெஞ்சளவு உயரத்தில், பக்கத்தில் இரண்டு பிளக்கோடு. பலர் ரவுட்டரை முன் மூலையில் வைத்துவிட்டுப் பின்னறையில் சிக்னல் இல்லை என்கிறார்கள். அந்த நடு இடத்திலிருந்து பிள்ளைகள் படிக்கும் அறைக்கு ஒரு பைப், மேலே கூரைக்கு ஒரு பைப். கூரைக்கு எதற்கு என்று கேட்டார். சீடிஎம்ஏ ஏரியலுக்கு ஓட்டைப் பிரித்தது போதும் என்றோம். 4ஜீ அன்டெனாவோ டிஷ்ஷோ, 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கிய ஸ்டார்லிங்கோ, நாளைக்கு வேறு எதுவோ வரட்டும், வழி இருக்கும். பைபர் பெட்டிக்கு எக்சேஞ்சிலிருந்து கரண்ட் வராது என்பதையும் சொன்னோம். சின்ன யூபிஎஸ் ஒன்று வைக்கத் தட்டில் இடம் விடச் சொன்னோம். கணக்குப் பார்த்ததில் ஐந்தாறு நீளம் பைப்பும் அரை நாள் கூலியும். பூசிய சுவரை மறுபடி வெட்டும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

பிறகு அவர் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். உம்மாவின் பழைய வீட்டில் 024இல் தொடங்கும் லேண்ட் போன் ஒன்று இருக்கிறதாம். யாரும் எடுப்பதில்லை, மாதம் மாதம் வாடகை போகிறது. புது வீட்டுக்குப் போகும்போது வெட்டிவிடலாமா?

அதற்கு நேரே பதில் சொல்லவில்லை. எமது ஒழுங்கையில் இருக்கும் ஒரு தமிழ் அம்மாவைப் பற்றிச் சொன்னோம். மகன் காணாமல் போய்ப் பல வருடம். 2017 பெப்ரவரியில் வவுனியாவில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய தொடர் போராட்டப் பந்தலில் அவரும் இருந்தவர். கையில் நல்ல போன் இருக்கிறது, மகள் வாங்கிக் கொடுத்தது. ஆனாலும் லேண்ட் போன் பில்லை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. "அவனுக்குப் பாடமான நம்பர் இது ஒண்டுதான், சேர்" என்றார் ஒருமுறை. நாங்கள் வேறு கதைக்கு மாறிவிட்டோம்.

நமது வீடுகளிலும் அப்படிப்பட்ட நம்பர்கள் உண்டு. 1990இல் பிரிந்து எந்த ஊரிலோ இருக்கும் பழைய கூட்டாளி, குவைத்துக்குப் போய்த் தொடர்பற்றுப் போன சாச்சி, அவர்களின் கொப்பியில் எழுதியிருப்பது அந்தப் பழைய இலக்கமாக இருக்கலாம். இணைப்பை மாற்றும்போதும் வீடு மாறும்போதும் அதே இலக்கத்தைக் கொண்டுபோக முடியுமா என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பர் அப்படித்தான் ஒரு கவுண்டரில் வாய்ப்பேச்சை நம்பிப் பறிபோனது.

நேற்றிரவு அவர் கோல் எடுத்தார். பைப் வாங்கியாயிற்றாம், மேசன்மார் சனிக்கிழமை பூச்சுக்கு வருகிறார்களாம். உம்மா புது வீட்டிலும் போனை ஹோலில்தான் வைக்க வேண்டும் என்று நிற்கிறாராம், ஸ்டூலோடு. நடுச் சுவரில் வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பிளேட் வேண்டும், அதற்கு எத்தனை அங்குலம் விட வேண்டும் என்று கேட்டார். மூன்று அங்குலம் விடச் சொன்னோம்.